கடைசி நாள் ஆடிட்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம், ஒரு தாழ்வாரமே என்னைப் பார்த்துச் சிரித்தது. நூலகத்திலிருந்து தத்துவத் துறைக்குப் போகும் வழியில் இரண்டு தாழ்வாரங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் நின்றேன். கையை நீட்டி வலப்பக்கம் காட்டி "ரைட் ஓகே" என்றேன். இடப்பக்கம் காட்டி "லெஃப்ட் ஓகே" என்றேன். நேரே காட்டி "ஃப்ரண்ட் ஓகே" என்று சொல்லிவிட்டுக் கடந்தேன். இதையெல்லாம் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. பின்னால் வந்த கூட்டம் வெடித்துச் சிரித்தபோதுதான் என் கை இன்னும் நீட்டியபடி இருப்பதைப் பார்த்தேன்.

ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனிக்குள் பொருள் ஏற்றிய வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். நடக்கிற வழியை வண்டி குறுக்கிடும் இடத்திலெல்லாம் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டில் நின்று, கை நீட்டிக் காட்டி, வாய்விட்டு ஓகே சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். சொல்லாமல் போனால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்புவார். மறுபடி வந்து நின்று, காட்டி, சொல்லிவிட்டுப் போக வேண்டும். காருக்குள் ஓடும் வயர்க்கட்டுகளைச் செய்கிற லைனில் நான் மூன்று வருஷம் இருந்தேன். அதற்குள் பழக்கம் கைக்கு இறங்கிவிட்டது. நான் வேலையை விட்டு வந்துவிட்டேன், கை இன்னும் விடவில்லை.

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். அன்றும் வந்தது. "இன்னா சிரிப்பு? வண்டி வந்து அடிச்சா தெரியும்" என்று திரும்பிக் கத்தினேன். அந்தத் தாழ்வாரத்தில் எந்த வண்டி வரப்போகிறது? இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனியில் எல்லோரும் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறோம், ஒருவரும் சிரித்ததில்லை. இங்கே நான் ஒருத்தி செய்ததும் சிரிப்பு. கையும் அதே கை, சொல்லும் அதே சொல். அப்படியானால் சிரிப்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி அன்று பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷம் அதுவே என் படிப்பாகிவிட்டது.

நான் தத்துவம் படிக்கப் போகிறேன் என்றது வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. நாங்கள் வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். எங்களுக்குத் தெரிந்து தத்துவம் படித்தவர் எங்கள் கோயிலின் பங்குச் சாமியார் ஒருவர்தான். குருமடத்தில் படித்தாராம். அதனால் தத்துவம் என்றால் சாமியார் ஆகிறவர்களுக்கான படிப்பு என்று எங்கள் தெருவே முடிவு செய்து வைத்திருந்தது. அம்மா நேராகவே கேட்டாள்.

"கன்னியாஸ்திரி ஆவப் போறியா? ஆவுறதுன்னா இப்பவே சொல்லிடு, உன் கம்மலைக் கயட்டி உள்ள வெச்சிடறேன்."

"இல்லம்மா. மனுஷன்னா யாரு, எதுக்கு சிரிக்கிறான்னு படிக்கப் போறேன்."

"நம்ம சாமியாரு கூட அதத்தான் படிச்சாராம். அவரு சிரிச்சு நான் ஒரு நாளும் பாத்ததே இல்ல."

இப்படிக் கேலி செய்தாலும், தினமும் காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றியது அம்மாதான். ஊரிலிருந்து குன்றத்தூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து மாறி இன்னொன்று. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டும்போது பையிலிருந்து பாடத்தை எடுப்பேன். என் எதிரில் கம்பெனிச் சீருடையில் பெண்கள் தூங்கிக்கொண்டு போவார்கள். நானும் அப்படித் தூங்கிப் போனவள்தான். சொந்தச் சம்பாத்தியத்தில் படிக்கிறேன் என்ற நினைப்பு அந்த பஸ்ஸில் எனக்குத் தினமும் வரும். பெருமையாகத்தான் இருக்கும், அதை மறைப்பானேன்.

எனக்குப் பிடித்த பாடத்துக்குத் தத்துவ மானிடவியல் என்று பெயர். பெயர்தான் மிரட்டும். கேட்பது ஒரே கேள்வி: இத்தனை உயிர்களுக்கு நடுவில் மனிதன் எப்படிப்பட்ட உயிர்? அதை நடத்திய பேராசிரியர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், நல்ல மனிதர், கண்டிப்பானவர். ஒரு நாள் அவர் சொன்னார்: மாடு மேய்கிறது, ஆனால் தான் மேய்வதைத் தள்ளி நின்று பார்ப்பதில்லை. மனிதனுக்கு உடம்பு இருக்கிறது, அவனே அந்த உடம்பாகவும் இருக்கிறான். இந்த இரண்டும் ஒன்றாக ஓடுகிறவரை வேலை நடக்கும். எங்காவது இடறினால், ஆளுக்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் உடம்பு பதில் சொல்லிவிடும். அந்தப் பதில்தான் சிரிப்பு, அழுகை.

எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே காது சூடாகிவிட்டது. தாழ்வாரத்தில் நீட்டிக்கொண்டு நின்ற என் கையைப் பற்றி யாரோ ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்கள்! தத்துவம் என்பது பெரிய பெரிய இடங்களைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். அது என் மணிக்கட்டைப் பற்றியும் பேசும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும் என்று அறிவித்ததும் முதல் ஆளாகப் போய்த் தலைப்புச் சொன்னேன்: லைனில் வேலை செய்கிறவர்களின் சிரிப்பு.

பேராசிரியருக்கு முகம் சுருங்கிவிட்டது. "தொழிலாளிகளைப் பத்தி எழுதணும்னா அவங்க கஷ்டத்தை எழுதும்மா. அதை எழுத ஆள் இல்லை. அவங்க சிரிப்பை எழுதி என்ன ஆகப்போகுது?"

"கஷ்டப்படறவங்க சிரிக்க மாட்டாங்களா சார்?"

"சிரிப்பாங்க. யாரையாவது மட்டம் தட்டிச் சிரிப்பாங்க. வேலையில வர்ற கேலியெல்லாம் அதுதான்."

அவருக்கு எங்கள்மேல் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். துறை ஆசிரியர்கள் முன்னால் முதல் பரிசீலனை நடக்கும். அங்கே, மட்டம் தட்டாத சிரிப்பு ஒன்றை நான் லைனிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தலைப்பு 'உழைப்பும் துயரமும்' என்று மாறும். அந்தத் தலைப்பை அவர் தயாராகவே வைத்திருந்தார். என் மூன்று வருஷத்துக்கும் துயரம் என்று பெயர் வைத்து, அதை என் கையாலேயே எழுத வைத்துவிடுவார்கள். அங்கே எனக்குக் கால் வலித்தது, முதுகு வலித்தது, அதெல்லாம் உண்மைதான். அதற்காக எங்களை மொத்தமாகத் துயரம் என்று கட்டி மூலையில் வைக்க நான் விடுவதாக இல்லை.

எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட சிரிப்பு ஒன்று இருந்தது. எங்கள் லைனில் அதற்கு ஆடிட் என்று பெயர். நிஜ ஆடிட் வேறு. கார்க் கம்பெனிக்காரர்கள் வந்து எங்கள் வயர்க்கட்டை எடுத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் பச்சை அட்டை. தப்பாக இருந்தால் சிவப்பு அட்டை போட்டு ரீவொர்க் என்பார்கள், பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். எங்கள் ஆடிட்டில் பார்க்கப்படும் பொருள் ஒரு ஆள். யாருக்காவது காண்ட்ராக்ட் முடிந்து கடைசி நாள் வந்தால், சாப்பாட்டு இடைவேளையில் அவளை ஆடிட்டர் நாற்காலியில் உட்கார வைப்போம். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து அவள் வேலை செய்கிற மாதிரியே செய்து காட்ட வேண்டும். சரி என்று அவள் சொன்னால், செய்தவள் நெற்றியில் பச்சை ஸ்டிக்கர் பொட்டு. தப்பாக இருந்தால் சிவப்பு, ரீவொர்க். நான் வேலையை விட்ட அன்று எனக்கும் நடந்தது. தொப்பிக்குள்ளிருந்து கண்ணில் விழும் முடியை, ஒவ்வொரு வயரையும் எடுக்கும் முன்னால் நான் கீழ் உதட்டைப் பிதுக்கி ஊதித் தள்ளுவேனாம். எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

ஆனால் இதை ஆய்வேட்டில் வைக்க, வெளி ஆளாக ஒரு முறை பார்க்க வேண்டும். வேலையை விட்ட பிறகு கம்பெனிக்குள் விடமாட்டார்கள். லைனில் எனக்குப் பக்கத்தில் நின்ற குன்றத்தூர்த் தோழிக்குப் போன் செய்தேன்.

"ஆடிட் பாக்கணும்டி. படிப்புக்கு."

"எங்கள வெச்சு இன்னாடி படிப்பு?"

"நீங்க சிரிக்கிறதைப் பத்தி."

"அடிப்பாவி! நாங்க சிரிக்கிறதுக்கு நீ பட்டம் வாங்குறியா?"

"பாதி உனக்குத் தரேன்."

"பாதிப் பட்டத்த வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? ஞாயித்துக்கெழம வா. திருநெல்வேலிக்காரி ஊருக்குப் போறா. ரூம்லயே வெச்சுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக ஒரகடம் போனேன். லைன் பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த அறை. கொடியில் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. சுவரோரம் பெட்டிகள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஊருக்குப் போகிற பெண் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பொட்டு அட்டை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். சின்ன உருவம், அதிகம் பேசமாட்டாள்.

அவள் வேலை, வயர் முனையைக் கனெக்டருக்குள் தள்ளுவது. சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று மெல்லிய சத்தம் வரும். லைன் இரைச்சலில் அந்தச் சத்தத்தைப் பிடிக்க வேண்டும். முதலில் ஒருத்தி எழுந்து, கண்ணை மூடி ஜெபம் செய்கிறவள் மாதிரி வயரைத் தள்ளிக் காட்டினாள். "நான் என்ன கோயில்லயா நிக்கேன்? ரீவொர்க்" என்று சிவப்புப் பொட்டு ஒட்டினாள் ஆடிட்டர். அடுத்தவள் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டாள். அறை சிரித்தது. ஆடிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு வாங்கிவிட்டால் பச்சை கிடைத்துவிடாது. எங்கள் ஆடிட்டில் கூட்டிச் செய்தாலும் சிவப்புதான், குறைத்துச் செய்தாலும் சிவப்புதான். குன்றத்தூர்த் தோழி நெற்றியில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு வாங்கிக்கொண்டு "ஏய், நீ இன்னாத்தான் பண்றே, நீயே காட்டுடி" என்று கத்தினாள்.

"ஒருத்திக்காவது ஒழுங்கா வருதா பாரு. தள்ளுங்க, நானே காட்டுதேன்" என்று அவள் எழுந்தாள்.

கையில் ஒன்றுமில்லை. இரண்டு விரலைச் சேர்த்து வயர் மாதிரி பிடித்தாள். இடது காதைக் கைக்குக் கிட்டே கொண்டுபோனாள். தள்ளினாள். அந்த இல்லாத 'டிக்' வந்த கணத்தில் அவள் வாய், சோறு ஊட்டப்படும் குழந்தையின் வாய் போல மெல்லத் திறந்தது. அவளே திடுக்கிட்டு நின்றாள்.

"எம்மா! வாயையுமா தொறக்கேன்?"

"தெனமும் தொறக்கிறே! நாங்க சொல்லல, அவ்ளோதான்!"

அறையே அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி செய்து காட்டினாள், மறுபடியும் வாய் திறந்தது. வேண்டுமென்றே மூடப் பார்த்தாள், முடியவில்லை. அடுத்த தடவை செய்யும்போது சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று வந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் சரியாக ஒவ்வொரு 'டிக்'குக்கும் திறந்தது. தோழி பச்சைப் பொட்டை எடுத்து அவள் நெற்றியிலேயே ஒட்டினாள். நான் குறிப்பெடுக்கப் போனவள், பேனாவைத் திறக்கவே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பாக இருந்தது. தன்னைத் தானே நடித்துக் காட்டுகிற உயிர் வேறு எது? அவள் அவளாகவும் இருந்தாள், தள்ளி நின்று தன்னைப் பார்க்கிறவளாகவும் இருந்தாள். வகுப்பில் நான் எழுதிக்கொண்ட வரி, அந்த வாடகை அறையில் எழுந்து நின்று நடந்திருந்தது. அதைப் பார்த்த ஒரே தத்துவ மாணவி நான்தான் என்று நினைத்தபோது, எனக்கு அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதுகூடப் பெரிய பதவியில் இருப்பது மாதிரி இருந்தது.

பரிசீலனை நாளில் இதைத்தான் படித்தேன். பேராசிரியரும் துறையின் மற்ற ஆசிரியர்களும் நீள மேசைக்கு அந்தப் பக்கம். முடித்ததும் பேராசிரியர் தலையை ஆட்டினார்.

"நல்லா எழுதியிருக்கே. ஆனா யோசிச்சுப் பாரு. கிடைச்ச ஒரு லீவு நாள்லயும் அந்தப் பொண்ணுங்க கம்பெனியையேதான் விளையாடறாங்க. ஓய்வுக்குள்ளயும் கம்பெனி வந்து உக்காந்துடுச்சு. போகிற பொண்ணை நடிச்சுக் காட்டி அழவும் வெச்சுட்டாங்க. இதுல நகைச்சுவை எங்கம்மா இருக்கு? பாவம், பாவம்."

அந்த இரண்டாவது 'பாவம்' என் தலைக்கு ஏறிவிட்டது. வாயிலிருந்து தானாக வந்தது.

"ரீவொர்க், சார்."

"அப்படின்னா?" என்றார் பேராசிரியர்.

இனிப் பின்வாங்க இடமில்லை. "தப்பு, திரும்பப் பண்ணுங்கன்னு அர்த்தம் சார். கம்பெனியில எங்க பொருளை வேற யாரோ பாத்துத் தப்பு சொல்லுவாங்க. இங்க நாற்காலியில உக்காந்தது அவ. நாங்க அவளைப் பாத்தது சரியா தப்பான்னு அவதான் சொன்னா. அவ ஒத்துக்காம ஒருத்திக்கும் பச்சை கிடையாது. மட்டம் தட்டறவன் எங்கயாவது எதிராளிகிட்ட மார்க் கேப்பானா?"

அவர் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "சரி. என்னைச் செஞ்சு காட்டு. எனக்கு அவமானமாப் பட்டுச்சுன்னா தலைப்பை மாத்திக்க. சம்மதமா?"

சம்மதம் என்று சொன்னது என் ரோஷம். ஒன்றரை வருஷமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவரைப் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்பார். நாம் வாயைத் திறக்கும் முன் விரலை உயர்த்தி நிறுத்துவார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். 'ஆக' என்று தொடங்கித் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிடுவார். இதைக் கூட்டாமல் குறைக்காமல் செய்ய வேண்டும். சுவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டேன். விரலை உயர்த்தினேன். இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு "ஆக" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மற்ற ஆசிரியர்கள் மேசையைப் பார்த்தார்கள். தலைப்பு போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"இல்லை" என்றார் பேராசிரியர். "நான் துணி முனையில எல்லாம் துடைக்கிறதில்லை. கைக்குட்டைதான். இங்க பாரு."

எழுந்து நின்றார். கைக்குட்டையை எடுத்து உதறினார். கண்ணாடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் "ஹா, ஹா" என்று ஊதினார். துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்போது, அவர் நினைக்காமலேயே, விரல் மேலே எழுந்தது.

"ஆக" என்றார்.

அறை வெடித்தது. அவர் ஒற்றைக் கண்ணை மூடியபடியே, விரலைத் தூக்கியபடியே, எங்களைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அப்புறம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, அதே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தலைப்பு அப்படியே இருக்கட்டும்மா" என்று சொல்ல அவருக்கு மூச்சு வாங்கியது. என் மார்பு நிமிர்ந்தது எனக்கே தெரிந்தது. எங்கள் லைனின் ஆடிட், பல்கலைக்கழக மேசையில் பச்சை வாங்கிவிட்டது.

வெளியே வந்து பையை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்தார்.

"ஏம்மா, நான் ஹான்னு ஊதறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். உங்களுக்குக் கோவம் வரும்னு விட்டுட்டேன்."

"ஒத்தைக் கண்ணை மூடறது?"

"அதுவும் தெரியும்."

கண்ணாடியை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "நான் இங்க வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. எத்தனை பேர் எதிர்ல நின்னு பேசியிருக்கேன். என்னை ஒருத்தர் இப்படிப் பார்த்திருக்காங்கன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. "எங்க லைன்ல ஆறு மாசம் நின்னா போதும் சார். முழுசா பாத்துடுவோம்" என்றேன்.

தலையாட்டிவிட்டு மெதுவாக நடந்து போனார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் லைனில் அதை யாரும் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை.